கல்லூரி ஆலோசனை மையத்தில் மாணவரின் முன்னேற்றத்தை அளப்பது எப்படி? புதிதாகப் பணியில் சேர்ந்தவருக்கு ஒரு வழிகாட்டி

மாணவர் தற்கொலை தொடர்பான ஒரு வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்குச் சில வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. உளவியலோ சமூகப்பணியோ முடித்துவிட்டு முதல்முறையாகக் கல்லூரிக்குள் ஆலோசகராக நுழைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எப்படி ஆலோசனை தருவது என்பதைப் படிப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நாம் செய்வது எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பயன்படுகிறதா என்று தெரிந்துகொள்ளும் வழியைப் பெரும்பாலும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

‘பார்த்தாலே தெரியாதா?’ என்று தோன்றும். தெரியாது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆலோசனை மையம் ஒன்றில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. உங்களிடம் வருபவர்களில் யார் யார் வந்தபோது இருந்ததைவிட மோசமான நிலையில் முடிப்பார்கள் என்று அங்கிருந்த ஆலோசகர்களிடம் கேட்டார்கள். நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் மோசமாவது வழக்கம் என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள். மொத்தம் 550 பேர். ஆலோசகர்கள் கை காட்டியது 3 பேரை. உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். கை காட்டிய மூவரில் சரியாக அமைந்தது ஒருவர்தான்.

அவர்கள் திறமையற்ற ஆலோசகர்கள் அல்ல. நம்பிக்கையோடு வேலை செய்பவர்களுக்கு எதிரே இருப்பவர் சரிந்துகொண்டிருப்பது கண்ணில் படுவது கடினம், அவ்வளவுதான். நம் ஊரில் இன்னும் ஒரு சிக்கல் கூடுகிறது. நேரத்துக்கு வந்து, சிரித்த முகமாக உட்கார்ந்து, “இப்ப பரவாயில்லை மேடம், உங்ககிட்ட பேசினதே நல்லாயிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போகும் மாணவி உண்மையைத்தான் சொல்கிறாளா, நம் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறாளா என்பது நமக்குத் தெரியாது. ஆசிரியர் இடத்தில் இருப்பவரிடம் “நீங்க சொன்னது எனக்கு உதவலை” என்று சொல்லும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு இல்லை. அதே பிள்ளை, ஒரு தாளில் ‘இந்த வாரம் எத்தனை முறை இப்படி இருந்தது’ என்ற கேள்வியைப் பார்த்தால் உள்ளதைக் குறித்துவிடுகிறது. அளவிடுவதன் பயனே அங்கேதான் தொடங்குகிறது. நன்றாகிக்கொண்டிருப்பவர்கள் அளந்தாலும் அளக்காவிட்டாலும் நன்றாகிவிடுவார்கள். சத்தமில்லாமல் மோசமாகிக்கொண்டிருக்கும் அந்தச் சிலருக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

எந்த அளவுகோல்?

எந்த வினாத்தாளை அளவுகோலாக எடுப்பது என்று தேர்ந்தெடுப்பதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். சுருக்கமானது, இலவசமானது, வாராவாரம் கொடுத்தாலும் மாணவர் சலிக்காதது ஆகிய மூன்றும் அமைந்தால் போதும். பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் உண்மையில் கையில் எடுக்கத் தக்கவை சிலவே.

பிரிட்டனில் உருவான கோர்-10 என் முதல் பரிந்துரை. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. எண் கூடினால் துன்பம் கூடியிருக்கிறது என்று பொருள். கடந்த ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்கிறது. பதற்றம், சோர்வு, தூக்கம், அன்றாட வேலை, நெருங்கியவர்களோடு உள்ள உறவு, உயிரை மாய்த்துக்கொள்ளும் திட்டம் ஆகியவற்றைத் தொடுகிறது. வாசகங்களை மாற்றாமல் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. 34 கேள்விகள் கொண்ட பெரிய வடிவமும் உண்டு. அதை முதல் அமர்வுக்கும் கடைசி அமர்வுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பிஎச்க்யூ-9 மனச்சோர்வுக்கும் ஜிஏடி-7 பதற்றத்துக்கும் உரியவை. மருத்துவமனைகளில் பரவலாகப் புழங்குபவை, அனுமதி கேட்க வேண்டாதவை. பிஎச்க்யூ-9க்குத் தமிழ் வடிவம் கிடைக்கிறது என்பது பெரிய வசதி. மனநல மருத்துவரிடம் மாணவரை அனுப்பும்போது “பிஎச்க்யூ 17” என்று எழுதினால் அவருக்கு உடனே புரியும். இரண்டும் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்பவை. ஆகவே வாராவாரம் கொடுத்தால் ஒரே வாரத்தை இரண்டு முறை அளந்தவர்கள் ஆவோம். ஓர் அமர்வு விட்டு ஓர் அமர்வு கொடுங்கள்.

மாணவர்களுக்கென்றே உருவானது சிகேப்ஸ். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, இப்போது பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள மையத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதன் 34 கேள்வி வடிவத்தில் சோர்வு, பொதுப் பதற்றம், சமூகப் பதற்றம், உணவுப் பழக்கம், கோபம், குடி ஆகியவற்றோடு படிப்பு சார்ந்த நெருக்கடிக்கும் தனிப் பகுதி இருக்கிறது. படிப்பைத் தனியாக அளப்பது கல்லூரிக்கு மிகவும் பொருந்தும். ஆனால் அங்குள்ள மையங்கள் உறுப்பினராகச் சேர்ந்து, மென்பொருளோடு சேர்த்துப் பயன்படுத்துவது அது. ஒற்றை ஆளாக ஓர் அறையில் தொடங்குபவருக்கு அதன் அமைப்பைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். ஓக்யூ-45 இந்தத் துறையின் முன்னோடி, நிறைய ஆய்வுகள் அதன் மேல் நடந்திருக்கின்றன. அதற்கு உரிமக் கட்டணம் உண்டு. மாணவர் தன் நிலையை நாலே கோடுகளில் குறியிட்டுக் காட்டும் ஓஆர்எஸ் எளிமையானது. ஒவ்வொரு கோடும் சரியாக 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மாணவர் வைத்த குறியை அடிக்கோலால் அளக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் தாளைச் சுருக்கி எடுத்துவிட்டால் கோடு 9 சென்டிமீட்டராகி, கணக்கே தப்பிவிடும். பிரதி எடுத்ததும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

எதை எடுத்தாலும் நீங்களே மொழிபெயர்க்காதீர்கள். நம்மை அறியாமலேயே ஒரு கேள்வி மென்மையாகிவிடும், இன்னொன்று கடுமையாகிவிடும். அதன்பின், எத்தனைக்கு மேல் போனால் கவலைக்குரியது என்று வெளியிடப்பட்ட எல்லை எண்கள் அந்தத் தாளுக்குப் பொருந்தாது. தமிழ்வழியில் படித்து வந்த முதலாமாண்டு மாணவருக்கு ஆங்கிலத் தாளை நீட்டவும் வேண்டாம். புரியாததை ‘எப்போதாவது’ என்று நடுவில் குறித்துவிட்டுப் போவார்கள். முறையாகச் செய்த தமிழ் வடிவம் உள்ள அளவுகோலே அவருக்குச் சரி. வாசிக்கச் சிரமப்பட்டால் நீங்கள் வாய்விட்டுப் படிக்கலாம். அச்சில் உள்ளபடியே படியுங்கள், விளக்கம் சேர்க்காதீர்கள்.

மாணவரின் சொற்களில் ஓர் இலக்கு

அச்சிட்ட வினாத்தாள் எல்லாருக்கும் பொதுவான துன்பத்தைத்தான் அளக்கும். ஒரு மாணவர் எதற்காக வந்தார் என்பது அதில் வராமலே போகலாம். வகுப்பில் செமினார் எடுக்க முடியாமல் தவிப்பவர், ஹாஸ்டலில் அறைத்தோழர்களோடு ஒட்ட முடியாதவர், மூன்று அரியர் சேர்ந்துவிட்டதை வீட்டில் சொல்ல முடியாதவர் என்று பலரும் கோர்-10இல் 8 அல்லது 9 எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஏற்கெனவே கீழே இருப்பதால் இறங்க அதிக இடம் இல்லை. தாளை மட்டும் நம்பினால் ஆறு அமர்வுக்குப் பிறகும் ‘மாற்றம் இல்லை’ என்றுதான் வரும்.

அதனால் முதல் அமர்விலோ இரண்டாம் அமர்விலோ மாணவர் வாயாலேயே இரண்டு இலக்குகளைச் சொல்ல வையுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். சொன்ன சொல்லையே எழுதுங்கள். “அப்பா போன் வந்தா கை நடுங்காம எடுக்கணும்” என்று சொன்னால் அதுவே இலக்கு. ‘குடும்ப உறவை மேம்படுத்துதல்’ என்று நாகரிகப்படுத்தினால் அடுத்த வாரம் அதற்கு எண் போடுவது அவருக்கே முடியாமல் போகும். பக்கத்தில் 0 முதல் 10 வரை ஒரு கோடு: 0 என்றால் இன்னும் தொடங்கவே இல்லை, 10 என்றால் முழுமையாக நடந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஓர் எண்.

“நல்லா படிக்கணும்”, “சந்தோஷமா இருக்கணும்” என்று பொதுவாக வந்தால் விடாதீர்கள். “அது நடந்துருச்சுன்னு உங்க ஃப்ரெண்டுக்கு எதைப் பார்த்துத் தெரியும்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் உண்மையான இலக்கு.

பெற்றோரோ துறைத்தலைவரோ அனுப்பி வந்த பிள்ளைகள் விஷயத்தில் கவனம் தேவை. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் ஆக வேண்டும் என்பது அனுப்பியவரின் இலக்கு. அதை இந்தத் தாளில் ஏற்றினால் நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள் என்று மாணவர் அந்த நிமிடமே முடிவு கட்டிவிடுவார்.

முதல் முறை தாளைக் கொடுக்கும்போது

முழு முறையும் நிலைப்பதும் கவிழ்வதும் இந்த இரண்டு நிமிடத்தில்தான். தாளை நீட்டி “இதை ஃபில் பண்ணிடுங்க” என்றால் மாணவர் மனதில் அது இன்னொரு கல்லூரிப் படிவம். பேருக்கு நிரப்புவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“ஒவ்வொரு தடவை வரும்போதும் இந்தப் பத்துக் கேள்வியை முதல்ல முடிச்சுடலாம். ரெண்டு நிமிஷம்தான் ஆகும். காய்ச்சல்னு போனா டாக்டர் ஒவ்வொரு தடவையும் டெம்பரேச்சர் பார்க்கிற மாதிரிதான் இது. இது எக்ஸாம் இல்லை, சரி தப்பு கிடையாது. இதுல நம்பர் கூடினா கஷ்டம் கூடியிருக்குன்னு அர்த்தம். நான் பண்றது உங்களுக்கு உதவலைன்னா இது எனக்குச் சொல்லிடும். அப்ப நான்தான் வழியை மாத்தணும். உங்க மேல குறை இல்லை.”

கடைசி மூன்று வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். மதிப்பெண் என்றாலே தன்னை எடை போடுவது என்று பள்ளியிலிருந்து பழகி வந்த பிள்ளைகள் இவர்கள். எண் இறங்காவிட்டால் ஆலோசனையிலும் தோற்றுவிட்டதாக நினைத்து, வருவதையே நிறுத்திவிடக்கூடும்.

யார் பார்ப்பார்கள் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். இந்தத் தாள் ஆசிரியருக்கோ வார்டனுக்கோ வீட்டுக்கோ போகாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் இன்னொருவரிடம் பேச வேண்டிவரும், அப்போதும் முடிந்தவரை மாணவரிடம் சொல்லிவிட்டுத்தான் பேசுவீர்கள். இந்த விதிவிலக்கை முதல் நாளிலேயே சொல்லாமல், நெருக்கடி வந்த அன்று சொன்னால் அது நம்பிக்கைத் துரோகமாகத்தான் தெரியும்.

அமர்வுக்கு ஐந்து நிமிடம் முன்பு, காத்திருக்கும் இடத்தில் நிரப்பச் சொல்வது நல்லது. தோழியோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கும் இடமாக இருந்தால் உள்ளே வந்தபின் கொடுங்கள். எப்போதும் தொடக்கத்தில்தான். மனம்விட்டுப் பேசி முடித்த கையோடு நிரப்பினால் அந்த நேரத்து ஆறுதல் கடந்த வாரத்தின் மேல் படிந்துவிடும்.

தாள் கைக்கு வந்ததும் மாணவர் முன்னிலையிலேயே கூட்டுங்கள். கோர்-10இல் இரண்டாவது, மூன்றாவது கேள்விகள் நல்ல நிலையைக் கேட்பவை: ஆதரவுக்கு ஆள் இருக்கிறதா, தவறாகும்போது சமாளிக்க முடிந்ததா என்பவை. அவற்றுக்கு எண்கள் தலைகீழாக ஓடும். வடிவத்திலேயே அப்படி அச்சாகியிருக்கும், ஆனால் எக்செல்லில் ஏற்றும்போது புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு கேள்வி விடுபட்டிருந்தால் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த எண்ணைப் பற்றிப் பேச வேண்டும். இதைச் செய்யாமல் தாளை ஃபைலில் சொருகுவதைவிட அளக்காமலே இருக்கலாம். “போன வாரம் 24, இந்த வாரம் 21 வந்திருக்கு. உங்களுக்கும் அப்படித்தான் தோணுதா?” என்ற ஒரு கேள்வி போதும். ‘ஆமாம்’ என்றால் எது உதவியது என்று கேளுங்கள். ‘இல்லையே மேடம், அதே மாதிரிதான் இருக்கு’ என்றால் அன்றைய பேச்சுக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

எண் சொல்வதும் சொல்லாததும்

எல்லா அளவுகோலும் கொஞ்சம் ஆடும். எந்த மாற்றமும் இல்லாமலே இந்த வாரம் 20, அடுத்த வாரம் 22 என்று வரலாம். எனவே இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்க வேண்டும் என்று ஜேக்கப்சன், ட்ரூவாக்ஸ் என்ற இருவர் 1991இல் வகுத்த முறையைத்தான் இன்றும் இத்துறையில் பின்பற்றுகிறார்கள். முதல் கேள்வி: இந்த மாற்றம் அளவுகோலின் ஆட்டத்தைவிடப் பெரியதா? இரண்டாவது: மாணவர் இப்போது துன்பத்தில் இருப்போரின் பக்கம் இருக்கிறாரா, பொதுவான மக்களின் பக்கம் வந்துவிட்டாரா?

கோர்-10க்கு விடை எளிது. மாற்றம் 6 புள்ளியாவது இருந்தால்தான் நம்பத்தக்க மாற்றம். எல்லைக்கோடு 11, அதற்குக் கீழே வந்தால் பொதுவான மக்களின் பக்கம். ஒரு மாணவி 24இல் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் அமர்வில் 20. நாலு புள்ளி இறங்கியிருக்கிறது, மகிழ்ச்சிதான், ஆனால் இன்னும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஐந்தாம் அமர்வில் 17 என்றால் ஏழு இறங்கிவிட்டது, அது உண்மையான முன்னேற்றம். ஆனால் 11க்கு மேலேயே நிற்கிறாள், ஆலோசனையை முடிக்கும் கட்டம் அல்ல. எட்டாவதில் 9 என்றால் இரண்டு நிபந்தனையும் நிறைவேறிவிட்டன. இரண்டு மூன்று வாரம் அங்கேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, முடிப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அவளே 24இலிருந்து 30க்கு ஏறியிருந்தால் அதுவும் நம்பத்தக்க மாற்றம்தான், எதிர்ப்பக்கம். பிஎச்க்யூ-9இல் இதற்கு ஈடாக 5 புள்ளி மாற்றத்தைப் பொருட்படுத்துவார்கள். 10 முதல் மிதமான சோர்வு, 15, 20 என்று கடுமை கூடும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வரைபடம் போடுங்கள். எக்செல் வேண்டுமென்றில்லை, கட்டம் போட்ட கணக்குத்தாள் போதும். இடமிருந்து வலமாக அமர்வுத் தேதி, கீழிருந்து மேலாகப் புள்ளி, 11இல் ஒரு சிவப்புக் கோடு. தேதிக்குக் கீழே அந்த வாரத்தின் செய்தியை ஒரு சொல்லில் குறியுங்கள்: இன்டர்னல், மாடல், செமஸ்டர், ரிசல்ட், பொங்கல் விடுமுறை, ப்ளேஸ்மென்ட். ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்கும் தாள் தேர்வு வாரத்தில் ஏறத்தான் செய்யும். நவம்பரில் தேர்வுக்கு முன்பு தொடங்கி டிசம்பர் கடைசியில் அளந்தால் ஆலோசனையே இல்லாமல்கூட எண் இறங்கியிருக்கும். இந்தக் குறிப்புகள் இல்லாத வரைபடம் உங்களையும் ஏமாற்றும், கல்லூரியையும் ஏமாற்றும்.

முதல் எண்ணைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். தாங்க முடியாமல் போன நாளில்தான் பெரும்பாலோர் கதவைத் தட்டுகிறார்கள். உச்சத்தில் அளந்த எதுவும் அடுத்த முறை தானாகவே கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். இதற்கு நேர்மாறாக, முதல் நாள் நம்மை நம்பாமல் துன்பத்தைக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ‘இல்லவே இல்லை’ என்று குறித்து 3 வாங்கிய பிள்ளை, இரண்டாம் நாள் மனம் திறந்து 19 குறிக்கும். அது சரிவாக இல்லாமல் நம்பிக்கை வந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். தாளைப் பார்த்து முடிவு செய்யாமல் “போன தடவை இதெல்லாம் சொல்லலையே, இப்ப சொல்லத் தோணிச்சா, இல்லை இந்த வாரம்தான் ஆரம்பிச்சதா?” என்று கேட்டுவிடுங்கள்.

எண் இறங்காதபோது

உளச்சிகிச்சை பெறும் பெரியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வந்ததைவிட மோசமாக முடிக்கிறார்கள் என்று இத்துறையில் நீண்ட காலம் ஆய்வு செய்த மைக்கேல் லாம்பர்ட் சொல்கிறார். ஓக்யூ-45ஐ உருவாக்கியவர்களில் ஒருவர் அவர், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். மாணவர் எதிர்பார்த்த பாதையிலிருந்து விலகும்போது ஆலோசகருக்கு உடனே எச்சரிக்கை கொடுத்தால் மோசமாவோரின் எண்ணிக்கை குறைகிறது என்பது 2001 முதல் அவரது குழு தொடர்ந்து செய்த ஆய்வுகளின் முடிவு. நம்மிடம் அந்த எச்சரிக்கை மென்பொருள் இல்லை. அதற்குப் பதில் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: மூன்றாம், நான்காம் அமர்வுக்குள் எந்த இறக்கமும் இல்லை என்றாலோ, எப்போதாவது 6 புள்ளி ஏறினாலோ, வழக்கமாகப் பேசுவதை அன்று நிறுத்திவிட்டு அதைப் பற்றியே பேச வேண்டும்.

ஏன் மூன்று நான்கு? பல சிகிச்சை ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1986இல் ஹோவர்ட் குழுவினர் சொன்னது, எட்டு அமர்வுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேர் தேறுகிறார்கள் என்பது. முன்னேற்றம் முற்பகுதியில்தான் வேகமாக நடக்கிறது. கல்லூரியிலோ ஒருவருக்கு எட்டு அமர்வு கிடைப்பதே பெரிது. செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போய்விடுவார்கள். ‘போகப் போகச் சரியாகும்’ என்று காத்திருக்க நேரம் இல்லை.

அந்தப் பேச்சை எங்கிருந்து தொடங்குவது? முதலில் நம் உறவிலிருந்து. “நாம பேசுறது உங்களுக்குத் தேவையான விஷயத்தைப் பத்தியா, இல்லை நான் எனக்குத் தோணினதையே கேட்டுட்டு இருக்கேனா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அரை நிமிட மௌனத்துக்குப் பிறகுதான் உண்மை வரும். “நீங்க கொடுத்த மூச்சுப் பயிற்சியை ஹாஸ்டல்ல செய்ய முடியலை மேடம், பசங்க சிரிக்கிறாங்க” என்று ஒரு மாணவர் சொல்லலாம். பயிற்சி பயன்படவில்லை என்று அதுவரை நாம் நினைத்திருப்போம். அதைச் செய்ய இடமே இருந்திருக்காது.

உறவில் பிரச்சினை இல்லை என்றால் வெளியே பாருங்கள். யாராவது துணைக்கு இருக்கிறார்களா? வீட்டில் கடன், நோய், சாவு ஏதாவது நடந்ததா? ராகிங், சாதிப் பேச்சு, பாலியல் தொல்லை ஏதேனும் தொடர்கிறதா? அப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தால், துன்பம் குறையாததற்குக் காரணம் மாணவரின் மனதுக்குள் இல்லை. அங்கே தேவைப்படுவது புகார்க் குழுவும் நடவடிக்கையும். மாணவரின் விருப்பத்தோடு அந்தப் பக்கம் போக வேண்டும். பிறகு, அவருக்கே மாற்றத்தில் விருப்பம் இருக்கிறதா, யாருடைய வற்புறுத்தலிலோ வருகிறாரா என்பது.

இவ்வளவுக்கும் பிறகும் அசையவில்லை என்றால், அல்லது பிஎச்க்யூ 20ஐத் தொட்டால், மனநல மருத்துவரிடம் அனுப்புவதைப் பற்றிப் பேசுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கும். ஒரு கடிதமும் வரைபடத்தின் நகலும் மாணவர் சம்மதத்தோடு கொடுத்தனுப்பினால் அங்கே முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லும் வேதனை அவருக்குக் குறையும்.

உயிர் பற்றிய கேள்வி

கோர்-10இல் ஆறாவது கேள்வி, பிஎச்க்யூ-9இல் ஒன்பதாவது. மொத்தப் புள்ளியைக் கூட்டும் முன்பு கண் அங்கே போக வேண்டும். ‘இல்லவே இல்லை’ தவிர வேறு எதைக் குறித்திருந்தாலும் மாணவர் அறையை விட்டுப் போவதற்குள் வாய்விட்டுக் கேட்க வேண்டும். மொத்தம் 9ஆக இருந்தாலும் இதேதான். தற்கொலையைப் பற்றி நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற பயம் வேண்டாம், ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. திட்டம் இருக்கிறதா, வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, இன்றிரவு யாரோடு இருப்பார் என்பவை கேட்க வேண்டியவை. ‘இல்லை’ என்று குறித்தவரிடமும் முகம் வேறு சொன்னால் கேளுங்கள்.

இதற்காகவே, ஆன்லைன் படிவமாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று வலியுறுத்துவேன். வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை ஆறாவது கேள்விக்கு 4 குறித்து அனுப்பும், திங்கள் காலை வரை யாரும் பார்க்க மாட்டார்கள். நீங்கள் இல்லாத நேரத்துக்கு டெலி-மானஸ் எண் 14416ஐ எல்லா மாணவர் கையிலும் கொடுத்து வையுங்கள். 24 மணி நேரமும் கட்டணமின்றி இயங்குவது, தமிழிலும் பேசலாம்.

பாதியில் நின்றவர்களும் ஆண்டறிக்கையும்

தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று இரண்டே முறை அளக்கும் மையங்கள் உண்டு. கல்லூரியில் அது சரிவராது. பெரும்பாலோர் ‘முடித்து’ப் போவதில்லை, வராமல் நின்றுவிடுகிறார்கள். கடைசித் தாள் யாரிடம் இருக்கும்? நன்றி சொல்லிவிட்டுப் போனவர்களிடம் மட்டும். அவர்களை மட்டும் கணக்கெடுத்தால் எந்த மையமும் அற்புதமாகத் தெரியும். ஒவ்வோர் அமர்விலும் அளந்திருந்தால், நின்றுபோனவரின் கடைசிப் புள்ளியாவது கையில் இருக்கும். அது 23ஆக இருந்தால் அவரைத் தொடர்பு கொள்ளுங்கள். ஹாஸ்டல் வழியாகவோ வகுப்பு ஆசிரியர் வழியாகவோ ஆள் அனுப்ப வேண்டாம். அவர் கொடுத்த எண்ணுக்கு நீங்களே ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

நிர்வாகத்துக்குக் கொடுக்கும் அறிக்கை ஒரே பக்கத்தில் முடியட்டும். எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேரை இரண்டு முறையாவது அளந்திருக்கிறோம், அதில் நம்பத்தக்க முன்னேற்றம் எத்தனை பேருக்கு, மாற்றமில்லாதவர் எத்தனை, மோசமானவர் எத்தனை, ஒரே முறை வந்து நின்றவர் எத்தனை. மோசமானவர் எண்ணிக்கையை மறைக்காதீர்கள். அது பூஜ்யமாக உள்ள அறிக்கையை நான் நம்ப மாட்டேன். ‘ஆலோசனையால் இத்தனை சதவீதம் குணம்’ என்று எழுதவும் வேண்டாம். ஆலோசனை பெறாத, அதே நிலையில் இருந்த மாணவர்களோடு ஒப்பிடாமல் அப்படிச் சொல்ல முடியாது. ‘முன்னேறியவர்கள்’ என்பதோடு நிறுத்துங்கள்.

துறைவாரியாகப் பிரித்துக் கேட்பார்கள். மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவிகள் 2 பேர் என்று எழுதினால் அது பெயர் எழுதியதற்குச் சமம், அந்த வகுப்பிலேயே நாலு பெண்கள்தான் இருப்பார்கள். எண்ணிக்கை பத்துக்குக் கீழே போகும் எந்தப் பிரிவையும் மற்றதோடு சேர்த்துவிடுங்கள். மையத்தில் இரண்டு ஆலோசகர்கள் இருந்தால் யாருடைய மாணவர்கள் அதிகம் தேறினார்கள் என்று ஒப்பிடும் அட்டவணைக்கு இடம் கொடுக்காதீர்கள். கடுமையான நிலையில் வருபவர்களை ஒருவர் ஏற்றுக்கொண்டால் அவர் எண்ணிக்கைதான் மோசமாகத் தெரியும். அப்படி ஓர் அட்டவணை வந்த நாளிலிருந்து கடினமான பிள்ளைகளை ஏற்க ஆள் இருக்காது.

தாள் யார் கையில்?

மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவல் ரகசியமாகக் காக்கப்படுவது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் உரிமை. நடைமுறையில் இதன் பொருள்: தாளில் பெயரோ பதிவெண்ணோ வேண்டாம், உங்கள் சொந்தக் குறியீட்டு எண் போதும். குறியீட்டையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வேறொரு பூட்டிய இழுப்பறையில் இருக்கட்டும். அலமாரிச் சாவி அலுவலகக் கொத்தில் தொங்கக் கூடாது. எக்செல் கோப்பைத் துறையின் பொதுக் கணினியில் வைக்காதீர்கள், கல்லூரி மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள்.

ஒருநாள் துறைத்தலைவர் வந்து நிற்பார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, அந்தப் பிள்ளை மேல் அக்கறையோடுதான் கேட்பார்: “மேடம், அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான்? ஸ்கோர் ஏதோ போடுறீங்களாமே, காட்டுங்களேன்.” பதிலை முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். “சார், அவர் இங்க வர்றாரா இல்லையான்னுகூட நான் சொல்ல முடியாது. வகுப்புல உங்களுக்கு அவரைப் பத்திக் கவலையா ஏதாவது தெரிஞ்சா தாராளமா எங்கிட்ட சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்.” இதைச் சிரித்த முகத்தோடு, எத்தனை முறை கேட்டாலும் அதே சொற்களில் சொல்லுங்கள்.